நல்லதண்ணீரில் ஓடிய போர்க்கப்பல்

என் அண்ணை ஒருநாளும் சீருடை போட்டதில்லை. சாரம்தான் கட்டுவார். அதையும் முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டி, தலையில் ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு, மேலுடம்பில் ஒன்றுமில்லாமல், கரியும் வியர்வையுமாக வேலை செய்வார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மட்டும் ஒரு வெள்ளைச் சேட்டு. அப்படிப்பட்டவர், இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு கோடையில் ஒரு சனிக்கிழமை, வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டு முன்னறையில், பச்சைச் சீருடையும் தொப்பியும் இடுப்புப்பட்டியுமாக ஆளுயரப் படத்திலிருந்து என்னைப் பார்த்தார். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அது ஒரு மூச்சளவுகூட நிற்கவில்லை, பிறகு வந்த கோபம் இன்றுவரை போகவில்லை.

படத்தைச் சுருட்டிக்கொண்டு வந்தவர் பிரான்ஸ் அண்ணை. கன காலம் பிரான்சில் இருந்துவிட்டு லண்டனுக்கு மாறி வந்ததால் அவருக்கு அந்தப் பெயர். இல்ஃபோர்டில் மீனும் மரக்கறியும் விற்கிற கடை வைத்திருந்தார். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் எந்தத் திருநாள் என்றாலும் முன் வாங்கில் அவர்தான். வயதில் என்னைவிட இளையவர். ஊரெல்லாம் அண்ணை என்று கூப்பிட்டாலும் என் வாயில் அந்தச் சொல் வராது. அதற்குக் காரணம் உண்டு, சொல்கிறேன்.

"எப்பிடி இருக்கு, அக்கா?" என்று கேட்டார். "நல்லா வந்திருக்கு என்ன? முகம் கலியாணப் படத்திலையிருந்து எடுத்தது. உடம்பு வேறை."

"உடம்பு ஆருடையது?"

"அது கொம்பியூட்டரிலை கிடக்கிறது. எல்லாருக்கும் அதைத்தான் போடுறது."

இறந்தவருக்கு உடுப்பு மாற்றுவது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. வாழ்நாள் முழுக்கக் கோட்டைக் கண்ணாலும் கண்டிராத என் ஐயா, செத்த பிறகு கோட்டும் கழுத்துப்பட்டியுமாகத்தான் எங்கள் சுவரில் தொங்குகிறார். படக் கடைக்காரனிடம் முகத்தைக் கொடுத்தால் போதும், மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான். கோட்டென்றால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் இது கோட்டில்லை. அண்ணையை அள்ளிக்கொண்டுபோய்த் தங்கள் கப்பலின் அடுப்படியில் விட்டவர்களே அவருக்குத் தங்கள் உடுப்பையும் போட்டுவிட்டால், பிறகு அவர் தானே விரும்பி வந்தவர் என்று ஆகிவிடும்.

அந்த வருடம் வைகாசியில் ஊரில் சண்டை எல்லாம் முடிந்திருந்தது. அதற்கு முன் வாரக்கணக்காகப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்றோம். நான் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடித்து, அந்த உடுப்போடேயே ரெயின் ஏறிப் போவேன். தொண்டை கிழியக் கத்தினோம். பக்கத்தால் போன வெள்ளைக்காரர் பைக்குள் கைவிட்டுக் காதுக்கு வயரைக் கொளுவிக்கொண்டு போனார்கள். அவர்களைச் சொல்லி என்ன, அவர்களுக்கு அது வேறு யாரோ வீட்டுச் செத்தவீடு. ஆனால் முடிந்த பிறகு எங்கள் ஆட்கள் செய்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அழ வேண்டிய நேரத்தில் மண்டபம் பிடிக்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நினைவுநாள், ஒவ்வொரு நினைவுநாளுக்கும் ஒரு ஒலிவாங்கி. எங்கள் ஊருக்குக் கடலில் இறந்தவர்கள் நினைவு. அடுத்த ஞாயிறு முதலில் பூசை, பிறகு பங்கு மண்டபத்தில் கூட்டம். மேடையில் வைக்கிற படங்களில் ஒன்றுதான் அண்ணையின் அந்தப் பச்சைச் சட்டைப் படம்.

அண்ணையின் மனைவி, என் மச்சாள், அப்போது குசினியில் இருந்தார். பள்ளிக்கூடமொன்றில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடுகிற வேலை அவருக்கு. கிழமை முழுக்கப் பெரிய பெரிய சட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு, சனிக்கிழமை எங்கள் இருவருக்குமாக ஒரு சின்னச் சட்டியில் மீன் காய்ச்சுவது அவருக்கு ஓய்வு மாதிரி. கழுத்தில் தாலி இருந்தது. இவ்வளவு காலமும் அதைக் கழற்றவில்லை. அண்ணையின் உடல் கிடைக்கவில்லை, கண்டேன் என்று ஒருவரும் வந்து சொல்லவில்லை, ஆகவே மச்சாள் அவரைச் சாகவிடவில்லை. மாதாமாதம் எங்கள் சாமியாரிடம் போய், ஆருக்காக மன்றாட வேண்டும் என்று பூசைக்குக் கருத்துச் சொல்லுவார். மற்றவர்கள் ஆன்ம இளைப்பாற்றிக்கு என்று சொல்லுகிற இடத்தில் இவர், "பயணத்திலை இருக்கிற ஒருத்தருக்காக" என்பார். சாமியாரும் பீடத்தில் அப்படியே வாசிப்பார். அதைக் கேட்டுக் கேட்டு, யாரோ விமானத்தில் போகிறார்களாக்கும் என்று பங்கில் பாதிப்பேர் நினைத்திருப்பார்கள்.

இனி அந்தப் படத்தை மண்டபத்தில் செத்தவர்களோடு வைத்து விளக்கேற்றினால் அந்தப் பயணம் முடிந்துவிடும். ஆரோ முடிவெடுத்து, ஆரோ பிளாஸ்டிக்கில் அடித்து, மச்சாளை விதவையாக்கிவிடுவார்கள். எப்படிச் செத்தார் என்று ஒருவரும் சொல்லாமலேயே. நான் எதிர்த்து நின்றது அதற்காகத்தான்.

அண்ணை எங்கே போனார், எதில் போனார் என்பதைச் சொல்லாமல் மிச்சம் விளங்காது.

எங்கள் ஊர்த் துறைமுகம் ஆழமில்லாதது. பெரிய கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து சாமான் ஏற்றிய வத்தைப் படகுகளைக் கரைக்கு இழுத்து வருவதற்கு ஒரு இழுவைப் படகு இருந்தது. நாங்கள் 'ரக்' என்போம். வெள்ளைக்காரன் காலத்து நீராவி ரக். கட்டைக் குட்டையான உடம்பு, நடுவில் ஒரு நெட்டைப் புகைபோக்கி. அண்ணை அதன் இயந்திரத்துக்குப் பொறுப்பு. டீசல் படகுகள் வந்ததும் துறைமுகக்காரர் அதைக் கைகழுவிச் சேற்றில் ஏற்றி விட்டுவிட்டார்கள். அண்ணை மட்டும் பின்னேரங்களில் போய் அதற்கு எண்ணெய் பூசிவிட்டு வருவார். மச்சாள் கேலி பண்ணுவார். "உங்கடை அண்ணைக்கு அங்கை ஒரு வைப்பு இருக்கு. துருப்பிடிச்ச வைப்பு" என்பார்.

பிறகு சண்டை வந்தது. அதோடு எங்கள் பக்கத்துக்கு எண்ணெய் வருவது நின்றது. டீசல் படகெல்லாம் கரையில் படுத்துவிட்டது. அப்போதுதான் இயக்கப் பெடியளுக்கு ஞானம் பிறந்தது. எண்ணெய் இல்லாமல் ஓடக்கூடியது ஊரில் ஒன்றே ஒன்றுதான், விறகில் ஓடுகிற ரக். ஒருநாள் காலை தோளில் துவக்கோடு வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அண்ணையைக் கேட்டார்கள் என்று சொல்லமாட்டேன், கூட்டிக்கொண்டு போனார்கள். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்பது எனக்குத் தெரியாது. அந்த இயந்திரத்தில் அவருக்கு இருந்த பைத்தியத்துக்கு, ஓம் என்றும் சொல்லியிருக்கக்கூடும். கேட்கவில்லை என்பதுதான் என் கோபம்.

நிலக்கரி எங்கே கிடைக்கும்? பனங்குற்றிகளைப் பிளந்து எரித்தார்கள். பொயிலரில் நீராவி ஏறுவதற்கு அரைநாள் பிடிக்கும். பொழுதுபட்ட பிறகு ரக் வெளிக்கிட வேண்டுமானால் அண்ணை மதியத்திலேயே நெருப்பு மூட்ட வேண்டும். பனங்குற்றி தீப்பொறி கக்கும். அதற்குப் புகைபோக்கியின் வாயில் கம்பிவலை கட்டி, அதன்மேல் ஈரச் சாக்குப் போட்டார்கள். முன்பக்கத்தில் மண்மூட்டை அடுக்கி, நடுவில் ஒரு பெரிய துவக்கைப் பூட்டினார்கள். அவ்வளவுதான், ஊர்க் கிழட்டு ரக் போர்க்கப்பலாகிவிட்டது.

துவக்கைப் பூட்டி முதன்முதல் சுட்டுப் பார்த்த அன்று கரையில் நானும் நின்றேன். சுட்ட அதிர்வில் ரக் முன்னுக்கு ஒரு கும்பிடு போட்டது. புகைபோக்கிக்குள் இருந்த கரியெல்லாம் கொட்டித் துவக்குக்காரன் முதல் பொறுப்பாளன் வரை எல்லோரும் கருங்காக்கையானார்கள். அண்ணை கீழேயிருந்து ஏறிவந்து, "உந்தத் துவக்கை இன்னொருக்காச் சுட்டால் ஆணியெல்லாம் கழண்டு நாங்கள் அடியிலை இருப்பம். நேவி தேவையில்லை" என்றார். கரையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பொறுப்பாளனுக்குப் பிடிக்கவில்லை.

அந்தப் பொறுப்பாளன்தான் பிரான்ஸ் அண்ணை. அப்போது மீசை ஒழுங்காக முளைக்காத வயது. ரக்கில் ஏறாத நேரம் அவருக்கு ஒரு வேலை இருந்தது. கோயில் கிணற்றடியில் காவல் நிற்பது.

பொயிலருக்கு உப்புத்தண்ணீர் ஆகாது. உப்புப் படிந்து உள்ளே கல்லாகிவிடும், பிறகு வெடிக்கும். கடலுக்கு நடுவில் ஓடுகிற கப்பலுக்கு நல்லதண்ணீர் வேண்டும். எங்கள் ஊரிலோ முக்கால்வாசிக் கிணறு உவர். நல்லதண்ணீர் என்றால் கோயில் கிணறு ஒன்றுதான். ஆகவே கட்டளை வந்தது: முதலில் ரக்குக்கு, பிறகு வீடுகளுக்கு. ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் துறைமுகத்துக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றிவிட்டுத்தான் தன் வீட்டுக் குடத்தை நிரப்பலாம். கோடையில் கிணறு வற்றி வாளி சேற்றில் மோதும்போதும் அந்த ஒழுங்கு மாறவில்லை. குழந்தைக்குப் பால்மா கரைக்க உவர்த்தண்ணீர், போர்க்கப்பலுக்கு நல்லதண்ணீர். ஒருநாள் எனக்கு முன்னால் நின்ற பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியைத் திரும்பவும் துறைமுகத்துக்கு அனுப்பப் பார்த்தார் இந்த மீசையில்லாத மன்னர். நான் என் வாளித் தண்ணீரை அவருடைய காலடியில் கவிழ்த்துவிட்டு, "நீரே சுமவும்" என்றேன். அன்றுவரை ஊரிலேயே யாரும் அப்படி ஒரு சொல் சொன்னதில்லை. அந்த மனுசரைத்தான் நான் இன்று அண்ணை என்று கூப்பிட வேண்டுமாம்.

ரக் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. கடலுக்கு அப்பாலிருந்து மாவும் மருந்தும் ஏற்றிய வத்தைகளை இருட்டில் இழுத்து வந்தது. அந்த மாவில் எங்கள் வீட்டிலும் பிட்டு அவிந்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். இதுதான் என் கோபத்துக்குக் கிடைத்த தண்டனை, முழுதாகக் கோபப்படவும் விடாது.

ஒரு விசயம்தான் மச்சாளுக்குப் பிடிக்கவேயில்லை. அண்ணை வேலை செய்கிற அடித்தட்டுக்கு இறங்குவதற்கு ஒரே ஒரு வழி, அதற்கு ஒரு இரும்பு மூடி. நெருப்புக் கதவைத் திறந்து குற்றி போடும்போது வெளிச்சம் மேலே அடிக்கும், தூரத்தில் நிற்கிற நேவிக்குத் தெரியும். ஆகவே ஓட்டத்தின்போது மூடியை மூடிவைப்பார்கள். முன்னர் அது சும்மா மூடிக்கிடந்தது, உள்ளேயிருந்து தள்ளினால் திறக்கும். துவக்குச் சுட்ட அதிர்வில் அது எகிறித் திறந்து வெளிச்சம் அடித்ததால், பொறுப்பாளர் அதற்கு மேற்பக்கமாக ஒரு கொளுவித் தாழ்ப்பாள் போடுவித்தார். அதற்குப் பிறகு உள்ளே மூச்சு முட்டினால் அண்ணை கையிலிருக்கிற ஸ்பானரால் மூடியில் தட்டுவார், மேலே நிற்பவர் பார்த்துத் திறப்பார். வீட்டில் அதைப் பகிடியாகத்தான் சொன்னார். "வீட்டுச் சொந்தக்காரர் மேலை நிக்கினம். வாடகைக்கு இருக்கிறவன் தட்டித்தான் கேக்கவேணும்." மச்சாள் சிரிக்கவில்லை.

கடைசியாகப் போன அன்று ரக் திரும்பவில்லை. அரசாங்க வானொலி ஒரு போர்க்கப்பலை அழித்ததாகச் சொன்னது. இந்தப் பக்க வானொலி ஒரு போர்க்கப்பல் வீரத்தோடு மூழ்கியதாகச் சொன்னது. சண்டை பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பக்கமும் ஒத்துப்போன ஒரே விசயம் அந்தப் பொய்தான். பனங்குற்றி எரித்து, குழந்தைகளின் தண்ணீரைக் குடித்து ஓடிய ஒரு கிழட்டு ரக்கைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

நீந்தித் தப்பியவர்களில் பொறுப்பாளரும் ஒருவர். தோளில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். "இருட்டிலை சிதறிப் போனம், அக்கா. அவர் வேறை கரையிலை ஏறியிருப்பார். வந்திடுவார்" என்றார். மச்சாள் அதைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு சொல்லைத்தான் இடம்பெயர்ந்து போன ஊரெல்லாம் தூக்கித் திரிந்தார், லண்டனுக்கும் கொண்டுவந்தார். மாதாமாதம் பூசையில் வாசிக்கப்பட்டது அதுதான். ஊரைவிட்டு ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்த நான் அவரை என்னோடு வைத்துக்கொண்ட நாள் முதல் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

"உந்தப் படத்தைச் சுருட்டிக்கொண்டு போங்கோ" என்றேன். "என்ரை அண்ணை உங்கடை ஆள் இல்லை. நீங்கள் பிடிச்சுக்கொண்டு போன ஆள்."

"அக்கா, நீங்கள் பழசைக் கிளறாதையுங்கோ. ஊர் அவரை மதிக்குது. நான் ஞாயிற்றுக்கிழமை மேடையிலை அவரைப் பற்றித்தான் கதைக்கப் போறன்."

"என்னெண்டு கதைப்பியள்?"

"நடந்ததைத்தான். கடைசி நேரம் துவக்குக்காரன் விழுந்திட்டான். அவர் மேலை ஓடிவந்து துவக்கைப் பிடிச்சவர். நான் கண்ணாலை கண்டனான். துவக்கடியிலைதான் அவர்..."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் ஒரு கப்பலையே மறைத்தார். நான் வாயைத் திறக்க முன்பு குசினிக் கதவடியில் மச்சாளின் குரல் கேட்டது.

"தம்பி, நீங்கள் இருங்கோ. தேத்தண்ணி போட்டிருக்கிறன்."

கோப்பையைக் கொண்டுவந்து அவருடைய கையில் கொடுத்தார். கையைத் துடைத்துவிட்டு அந்தப் படத்துக்கு முன்னால் நின்றார். தொப்பியை, பட்டியை, சட்டைப் பொத்தானை எல்லாம் பார்த்தார். கடையில் துணி பார்ப்பது போலத்தான் பார்த்தார். பிறகு எதிர்க் கதிரையில் இருந்தார்.

"அண்டைக்கு வேறை கரையிலை ஏறியிருப்பார் எண்டு சொன்னனீங்கள்" என்றார். "இண்டைக்குத் துவக்கடியிலை எண்டுறியள்."

"அக்கா, அண்டைக்கு உங்கடை நிலையைப் பாத்து..."

"அது பறவாயில்லை. நான் உங்களிட்டை ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். அவர் தட்டினவரோ?"

எனக்கு அந்தக் கேள்வி விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிரான்ஸ்காரருக்கு உடனே விளங்கியது. கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர் குடிக்காமல் திரும்ப வைத்தார்.

"இருட்டு, அக்கா. சரியான சத்தம். ஒண்டும் கேக்கேல்லை."

"உங்களுக்குக் கேட்டதோ எண்டு நான் கேக்கேல்லை. அவர் தட்டினவரோ எண்டு கேட்டனான்."

பக்கத்து வீட்டில் யாரோ புல் வெட்டுகிற இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அது நின்றது. நான் மேசையில் இருந்த எதையாவது எடுத்து எறிந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாயிருந்தது.

"தட்டினவர்" என்றார்.

"கனக்கவோ?"

"ஓம். நெடுகத் தட்டினவர்."

பிறகு ஊற்று உடைந்தமாதிரிச் சொல்லத் தொடங்கிவிட்டார். நேவிப் படகுகள் மிகக் கிட்ட வந்துவிட்டனவாம். இருட்டில் ரக்கைத் தேடிக்கொண்டிருந்தனவாம். மூடியைத் திறந்தால் வெளிச்சம் காட்டிக்கொடுத்துவிடும், மேலே நின்ற எல்லோரும் போய்விடுவார்கள். கொஞ்சம் பொறுத்துத் திறப்போம் என்று நினைத்தாராம். அதற்குள் குண்டு விழுந்துவிட்டது. பக்கவாட்டில் சாய்ந்ததும் எல்லோரும் குதித்தார்கள். அவரும் குதித்தார். தண்ணீருக்குள் விழுந்த பிறகும் அந்தத் தட்டுகிற சத்தம் கேட்டதாம்.

"கொளுவியைக் கழட்டிப்போட்டுக் குதிச்சிருக்கலாமே" என்றேன். "கையாலை ஒரு தட்டுத் தட்டினால் கழரும். அவ்வளவுதானே வேலை."

மச்சாள் எழும்பி அந்தப் படத்தைத் தானே சுருட்டினார். றப்பர் வளையத்தைப் போட்டு அவரிடம் கொடுத்தார்.

"கொண்டு போங்கோ. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாங்கள் வருவம்."

அவர் போன பிறகு நான் கத்தினேன். இப்படி ஒரு மனுசனுக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தீர்களே என்று மச்சாளையும் சேர்த்துக் கத்தினேன். பொலிசுக்குப் போவோம், மேடையில் ஏறிச் சொல்லுவோம், கடை வாசலில் போய் நிற்போம் என்றெல்லாம் சொன்னேன். மச்சாள் மீன்குழம்பை இறக்கிவைத்தார். அது அடிப்பிடித்திருந்தது. மேற்குழம்பை மட்டும் வேறு சட்டிக்கு மாற்றி, இரண்டு பேருக்கும் சோறு போட்டார். அவர் சாப்பிட்டார், என்னால் முடியவில்லை.

ஞாயிறன்று கோயில் நிறைந்திருந்தது. மன்னார் ஆட்கள், எங்கள் ஊரவர்கள் என்று லூயிஷாமிலிருந்தெல்லாம் சனம் வந்திருந்தது. பூசைக்கு முன்னர் மச்சாள் சாமியாரைப் பார்க்க உள்ளே போனார். மற்ற மாதங்களில் சொல்லிவிட்டு உடனே வந்துவிடுவார். அன்று கன நேரம் வரவில்லை. வந்து என் பக்கத்தில் முழங்காலில் இருந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முன் வாங்கில் பிரான்ஸ்காரர், கறுப்புக் கோட்டோடு, மனைவி பிள்ளைகளோடு. கோட்டுப்பையில் மண்டபப் பேச்சுக்கு எழுதிய தாள் நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழிக்க வேண்டும் போலிருந்தது.

மன்றாட்டு நேரம் வந்தது. திருச்சபைக்காக, நாட்டின் சமாதானத்துக்காக, நோயாளிகளுக்காக என்று சாமியார் வழமைபோல் சொல்லிக்கொண்டு போனார். பிறகு நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல் சொன்னார்.

"எங்கள் சகோதரி ஒருவர் இத்தனை காலமும் பயணத்தில் இருக்கும் ஒருவருக்காக மன்றாடி வந்தார். இன்று அவர் கேட்பது இது. இழுவைப் படகின் அடித்தட்டில், பூட்டிய மூடிக்குக் கீழே நின்று தட்டித் தட்டி இறந்துபோன தன் கணவருக்காகவும், அந்தச் சத்தம் கேட்டும் திறக்காமல் போனவருக்காகவும் ஆண்டவரை மன்றாடுவோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில். வாய்ப்பழக்கம், கேட்டது என்னவென்று காதுக்குப் போக முன்பே வாய் சொல்லிவிடும். நானும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் ஆருக்காக மன்றாடினேன் என்று விளங்கி, என் வாய்மீதே கோபம் வந்தது. எல்லாக் குரலுக்கும் மேலே பிரான்ஸ்காரரின் மனைவியின் குரல்தான் கேட்டது. பாடகர் குழுவில் பாடுகிறவர், கணீரென்ற குரல். அவருக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் அவருடைய கணவரின் வாய் மட்டும் அசையவில்லை.

பிறகு எங்கள் ஊரவர்கள் இருந்த பக்கத்தில் ஒரு சலசலப்பு. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. கடைசி ஓட்டத்தில் ரக்குக்குப் பொறுப்பாக மேலே நின்றவர் ஆர் என்று எல்லோருக்கும் தெரியும். தலைகள் ஒவ்வொன்றாக முன் வாங்குப் பக்கம் திரும்பின. மச்சாள் திரும்பவில்லை. காணிக்கைப் பாட்டு தொடங்கியதும் எழும்பி நின்று, புத்தகத்தைத் திறந்து, பக்கத்தைத் தேடினார்.

நாங்கள் மண்டபத்துக்குப் போகவில்லை. மேடையில் அவர் பேசவில்லை என்றும், காய்ச்சலென்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். அண்ணையின் படத்தை வைத்தார்களா என்று நான் ஒருவரையும் கேட்கவில்லை. மன்னித்துவிட்டாரே, எவ்வளவு பெரிய மனசு என்று கோயில் வாசலில் இரண்டு மூன்று பெண்கள் மச்சாளின் கையைப் பிடித்துச் சொன்னார்கள். மச்சாள் அவர்களைக் கேட்டுக்கொண்டு நின்றார், ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

பஸ்ஸில் மேல்தட்டில் முன் இருக்கை கிடைத்தது. மச்சாள் யன்னல் பக்கம். வால்தம்ஸ்டோச் சந்தையடியில் பஸ் நின்றபோது கையைக் கழுத்துக்குக் கொண்டுபோய்த் தாலியைக் கழற்றினார். கொழுக்கி இறுகிப்போயிருந்தது. நான் உதவிக்குக் கை நீட்டினேன், வேண்டாமென்று தலையாட்டினார். தானே கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்தார்.

"'தட்டினவர்' எண்டு அவன் சொன்னதுக்கு ஒரு நன்றி சொல்லவேணுமெண்டு நினைச்சனான்" என்றார். தம்பி என்று கூப்பிட்டவரை அவன் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். "பொய்யையே சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம். சொல்லிப்போட்டான். கோயில் வாசலிலை எனக்கு முன்னாலை வந்து நிண்டவன், நீ காணேல்லை. நன்றி எண்டு வாய் வரைக்கும் வந்தது."

"சொன்னனீங்களோ?"

"இல்லை" என்றார் மச்சாள். "தட்டிக்கொண்டு நிக்கட்டும்."